பெஜோவின் பின்கால் வைத்தியம்

அப்பாவின் காரைப் பின்னால் நின்று பார்த்தால் பாவமாக இருக்கும். இரண்டு சக்கரங்களும் மேலே உள்வாங்கி, கீழே அகட்டிக்கொண்டு, பொதி தாங்காத கழுதை போல நிற்கும். டயரின் உள்விளிம்பு கம்பி தெரியத் தேய்ந்திருக்கும். வெளிவிளிம்போ நேற்றுதான் கடையிலிருந்து வந்ததுபோல் இருக்கும். வேகத்தடை ஏறி இறங்கும்போது பழைய மரக்கட்டில் முனகுகிற சத்தம்.

கார் 1995ஆம் வருடத்துப் பெஜோ 309 டீசல். பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் பெஜோவும் சேர்ந்து 1994 முதல் மும்பையை அடுத்த கல்யாணில் செய்த வண்டி. 1997இல் பெஜோ கூட்டை விட்டு விலகியதோடு அந்தக் கதை முடிந்தது. இஞ்சினுக்கு இன்றுவரை எங்களுக்குக் கவலை இருந்ததில்லை. அதே 1527 சிசி டீசல் இஞ்சினைத்தான் மாருதி ஜென்னிலும் எஸ்டீமிலும் போட்டார்கள். கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் ஏதாவது கிடைத்துவிடும். ஆனால் பின்பக்க ஆக்சில் வேறு ஜாதி. இந்தியாவில் அதற்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை.

போன வருடம் பிரான்சிலிருந்து வந்தபோது, ஊரில் கண்ணாடிக் கதவும் காபி மெஷினும் வைத்த ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். அலைன்மென்ட் செய்தார்கள், இரண்டு புது டயர் போட்டார்கள், ஷாக் அப்சார்பரையும் மாற்றினார்கள். பில் பெரிது. நாலே மாதத்தில் புது டயரும் உள்பக்கம் வழுக்கை. இந்தக் காரின் பின்சக்கரத்தில் அலைன்மென்ட் செய்யத் திருகுவதற்கு ஒரு நட்டுகூடக் கிடையாது. அப்படியிருக்க எதைத் திருப்பிச் சரிசெய்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கோளாறு எங்கே என்பது பிரான்சில் பெஜோ வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 205, 309, 106, 206 எல்லாவற்றுக்கும் இதே வியாதிதான். காரின் குறுக்கே ஒரு தடித்த இரும்புக் குழாய். அதன் இரு முனையிலும் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம். ஆர்மோடு சேர்ந்த ஷாஃப்ட், குழாய்க்குள் இருக்கும் நீடில் பேரிங்கில், அதாவது குண்டுக்குப் பதில் மெல்லிய ஊசிகள் உருளும் பேரிங்கில், ஆடுகிறது. வாயில் உள்ள ரப்பர் சீல் காய்ந்து வெடித்தால் தண்ணீர் உள்ளே போகும், பேரிங் துருப்பிடிக்கும், துரு ஷாஃப்ட்டைத் தின்னும், சக்கரம் சாயும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் கடைசியில் குழாயே அரித்துப்போய்விடும். அதற்கப்புறம் எடைக்குத்தான் போட வேண்டும்.

நான் இருக்கும் லியோன் பக்கம் இதை யாரும் உட்கார்ந்து பிரிப்பதில்லை. பழைய ஆக்சிலைக் கொடுத்துவிட்டு, புதுப்பித்த ஆக்சில் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். முழு ஆக்சிலையும் பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்ற முடியுமா? இரண்டு பக்கத்துக்கும் பேரிங், சீல், இடதுபக்கத்துக்கு மட்டும் ஒரு ஷாஃப்ட் என்று 190 யூரோவுக்கு வாங்கினேன். அப்பா அனுப்பிய போட்டோவில் இடதுபக்கம்தான் அதிகம் சாய்ந்திருந்தது. கஞ்சத்தனம் என்றும் சொல்லலாம். சென்னையில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, வேட்டிக்குள் சுருட்டியிருந்த இரும்பு உருளையைக் கையில் எடுத்து எடை பார்த்தார். “அப்பா காருக்குங்க” என்றேன். என்ன நினைத்தாரோ, போகச் சொல்லிவிட்டார்.

ஆடிக்காற்று தூசியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், கணபதியில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். பள்ளித் தோழன் சொல்லி அனுப்பிய இடம். தகரக் கூரை, இரண்டு வண்டி நிற்க இடம், அவ்வளவுதான். அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். “பேரிங் போயிருச்சுங்க. அலைன்மென்ட்காரன் என்ன பண்ணுவான்?” என்றார். போன வருடம் கொடுத்த பணம் ஞாபகம் வந்து வயிறு எரிந்தது.

கழற்றுவதற்கு முன், சக்கரம் தரையில் நிற்கும்போதே ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினார். அதே அளவில் ஒரு பட்டைக் கம்பியில் இரண்டு துளை போட்டு வைத்துக்கொண்டார். இந்த வண்டிக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. குழாய்க்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு டார்ஷன் பார்; அவை முறுகித்தான் பாரம் தாங்குகின்றன. அவற்றின் முனைகளில் பல் வெட்டியிருக்கும். திரும்ப மாட்டும்போது பல் ஒன்று மாறினால் கார் ஒருபக்கம் நொண்டும். அதனால் ஒவ்வொரு முனையிலும் சென்டர் பஞ்சால் புள்ளி வைத்தார். டார்ஷன் பார் முப்பது வருடத் துருவில் ஒட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க அசையவில்லை. டீசலை ஊற்றி ஊறவைத்து, பாரின் முனையில் கம்பியை முறுக்கி, அதில் ஓர் எடையை ஓடவிட்டு இழுத்து இழுத்து அடித்தார்கள். மறுநாள் மதியம் ‘டங்’ என்று ஒன்று வெளியே வந்தது. எதிர்க்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

இடதுபக்க ஆர்மை உருவியபோது உள்ளே பேரிங் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊசிகளுக்குப் பதில் மிளகாய்ப்பொடி மாதிரி சிவப்புத் தூள் கொட்டியது. ஷாஃப்ட்டைத் துணியால் துடைத்துக் கையில் கொடுத்தார். ஒருபக்கம் மட்டும், சீப்பை அழுத்தி வைத்த மாதிரி வரிவரியாகப் பள்ளம். நகம் ஒவ்வொன்றிலும் தட்டித் தட்டி நின்றது. மறுபக்கம் கண்ணாடி. பாரம் எப்போதும் ஒரே பக்கம்தானே. குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, “குழாய் நல்லா இருக்குதுங்க, தப்பிச்சீங்க” என்றார். அப்புறம் வலதுபக்கத்தைக் கழற்றினார். அதிலும் அதே வரி, கொஞ்சம் மெலிதாக. என்னிடம் இருந்ததோ ஒரே ஷாஃப்ட்.

திரும்பிப் போக ஒன்பது நாள்தான் இருந்தது. பிரான்சிலிருந்து கூரியரில் வரவழைக்க நேரமில்லை. “எதுக்குங்க அவ்வளவு தூரம்?” என்று இரண்டு தெரு தள்ளி ஒரு லேத் பட்டறைக்கு அழைத்துப் போனார். டர்னருக்கு அறுபது வயது இருக்கும். நான் கொண்டுவந்த புது ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்தார்; உள்துளையையும் பார்த்தார். பழையதைக் கடைந்து சிறிதாக்கினால் என்ன என்று கேட்டேன். ஊசி நேராக ஷாஃப்ட்டின் மேலேயே உருளுவதால் சிறிதாக்கினால் பேரிங் ஆடும் என்றார். “ஈஎன் எட்டு எஃகுல போட்டா ஒரு வருசம் தாங்காதுங்க. ஈஎன் 353ல கடைஞ்சு, மேல்தோல் மட்டும் கெட்டியாகுற மாதிரி கேஸ் ஹார்டன் பண்ணி, அப்புறம் கிரைண்டிங். மூணு நாள் கொடுங்க.” நாலாவது நாள் மாலையில் செய்தித்தாளில் சுற்றி, எண்ணெய் பூசிக் கொடுத்தார். லியோன் ஷாஃப்ட்டையும் இதையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மெக்கானிக்குக்குத் தெரிந்தது: நம்முடையதில் முனை கொஞ்சம் அதிகம் சரித்திருந்ததால் ஆர்முக்குள் பிரஸ்ஸில் ஏற்றுவது சுலபமாக இருந்ததாம்.

மாட்டும் வேலை இரண்டு நாள். பட்டைக் கம்பியை ஷாக் அப்சார்பர் இடத்தில் பூட்டி டார்ஷன் பாரைச் செருகினார்கள். இறக்கினால் வலதுபக்கம் ஒரு விரல்கிடை உயரமாக நின்றது. பாரின் இரண்டு முனையிலும் பல் எண்ணிக்கை வேறுவேறு. ஒரு முனையில் ஒரு பல் முன்னால், மறுமுனையில் ஒரு பல் பின்னால் என்று நகர்த்தினால் சில மில்லிமீட்டர் மட்டும் மாறும். மறுபடி உருவி மறுபடி செருகினார். மூன்றாம் முறைதான் சரியாக உட்கார்ந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லேத், ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங், பிரஸ், மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்து 17,400 ரூபாய். குறை சொல்லாமல் இருக்க முடியாது. பில் என்று ஒரு துண்டுச் சீட்டுதான். பிரேக்கில் ஏர் எடுத்தது போதவில்லை, மிதி பஞ்சு மாதிரி போனது. ஒருமுறை திரும்பப் போக வேண்டியிருந்தது. மஃப்ளர் தொங்கும் ரப்பர் ஒன்றைத் தொலைத்துவிட்டு, டியூப் வெட்டிக் கட்டியிருந்தார்கள்.

மருதமலை அடிவாரம் வரை ஓட்டிப் பார்த்தோம். அப்பா வேண்டுமென்றே பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு வேகத்தடையிலும் காதைச் சாய்த்துக் கேட்டார். சத்தமில்லை. “ரொம்ப அமைதியா இருக்குடா, பழகல” என்றார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பழைய ஷாஃப்ட்டுகளை வாங்கிவரப் போனேன். டர்னர் ஒன்றைக் கொடுக்க மறுத்துவிட்டார். நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் படம் வரைந்து, அளவெல்லாம் எழுதி வைத்திருந்தார். “இது இங்கயே இருக்கட்டுமுங்க. அடுத்த தடவை பேரிங், சீல் மட்டும் கொண்டு வாங்க.”