14 மில்லி டப்பாவோடு ஆறு வருடம்

போன வாரம் புளியந்தோப்பிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, ரயில் மாதிரிக்குப் பூச எனாமல் பெயின்ட் டப்பா வாங்கலாமா, இல்ல தண்ணியில கரையுற அக்ரிலிக் பாட்டில் வாங்கலாமா? டப்பா சீக்கிரம் காஞ்சிடும்னு சொல்றாங்களே?" கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் முக்கால்வாசி நிறைந்திருந்த ஒரு மேட் கறுப்பு, அதாவது பளபளப்பில்லாத கறுப்பு, டப்பாவைக் குப்பையில் போட்டிருந்தேன். அந்தக் கோபத்தில் அவனிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

நான் செய்வது ரயில் பெட்டி மாதிரிகள், 1:87 அளவில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். கட்டிய பெட்டி ஒன்று 21 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். என் மேசையில் அது 24 சென்டிமீட்டர் சொச்சம். அப்பா அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1955-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, அந்தப் பழைய வகைப் பெட்டியைக் கட்டுவதை 2018-இல் நிறுத்திவிட்டது. நீலம் வருவதற்கு முன்னால் வண்டிகளுக்கு இருந்த கருஞ்சிவப்பு எங்கள் தலைமுறைக்கே பாதி மறந்துவிட்டது. எந்த டப்பாவைத் திறந்தாலும் அந்தச் சிவப்பு நேராகக் கிடைக்காது, கலக்கத்தான் வேண்டும். நான்கு நாள் சாயங்காலம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ஒரு சொட்டு கறுப்பு... போதும், போதும். பழுப்பு பத்தலை" என்று சொல்லச் சொல்லக் கலக்கினேன். கடைசியில் அவர் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார். அந்தக் கலவையை ஒரு காலி டப்பாவில் பாதி அளவுக்கு ஊற்றி மூடி வைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது பால் ஏடு மாதிரி, ஆனால் ரப்பர் கணக்காக, மேலே ஒரு தோல் படிந்திருந்தது.

அந்தத் தோல் டர்பன்டைனில் கரையாது. எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் கரைப்பான் ஆவியாகிறது. அப்புறம் அதிலுள்ள பிசின் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. இறுகியது இறுகியதுதான். ஆகவே பாதி டப்பா பெயின்ட் என்றால் மீதிப் பாதி காற்று. நாமே எதிரியை உள்ளே வைத்து மூடுகிறோம். சிலர் மூடுவதற்கு முன் வாயால் ஊதச் சொல்கிறார்கள். நாம் விடும் மூச்சிலும் 16 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது, ஈரம் வேறு. அது உதவாது.

ஆனாலும் எனக்கு உண்மையான ஆத்திரம் அந்தச் சின்ன டப்பாவின் வாய் மேல்தான். மூடி அழுந்தி உட்காருவதற்காக வாயைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கிறது. தூரிகையை விளிம்பில் ஒருமுறை வழித்தால் போதும், பெயின்ட் அதற்குள் ஓடிவிடும். அது காய்ந்த பிறகு மூடி அதன்மேல்தான் உட்காரும், மயிரிழை இடைவெளி விழும். அடுத்த தடவை திறக்கும்போது காய்ந்த துணுக்குகள் உதிர்ந்து நேராகப் பெயின்டுக்குள் விழும். மேட் கறுப்பில் விழுந்த துணுக்கு ஜன்னல் கம்பி வரையும்போதுதான் கண்ணில் படும். போதாததற்கு, திறக்க ஸ்குரூ டிரைவரை ஒரே இடத்தில் கொடுத்து நெம்பினால் மூடியின் உதடு வளைந்துவிடும். நான் தூக்கிப் போட்ட டப்பா இப்படிப் போனதுதான். அவசரம். இத்தனை சின்ன டப்பாவுக்கு, அடிக்கடி திறந்து மூடுவோம் என்று தெரிந்தும், இப்படி ஒரு மூடியை வைத்திருக்கிறார்களே என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வழி சொன்னது அம்மா. ஒருநாள் நான் மூடுவதைப் பார்த்துவிட்டு, "ஊறுகா ஜாடி வாயைத் துடைக்காம மூடுனா பூசணம் பிடிக்காம என்னடா பண்ணும்? மேல எண்ணெய் நிக்கணும்டா" என்றார். இரண்டும் எனாமலுக்கு அப்படியே பொருந்தியது. இப்போது டர்பன்டைன் தொட்ட காது குடையும் பஞ்சுக் குச்சியால் வாய்க்காலைச் சுற்றித் துடைக்கிறேன். மூடியின் அடிப்பக்கத்தையும் துடைக்கிறேன். பிறகு ஐந்தாறு சொட்டு டர்பன்டைனை மேலே விட்டு, கலக்காமல் அப்படியே நிற்கவிடுகிறேன். அப்புறம் தட்டையான மரத்துண்டை மூடிமேல் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்துகிறேன். திறப்பதற்கு ஸ்பூன் காம்பு. நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். தூரிகையை டப்பாவுக்குள் விடுவதே இல்லை. ஐஸ் குச்சியால் எடுத்துக் காலி மாத்திரை அட்டைக் குழியில் விட்டுக்கொள்கிறேன்.

டப்பாவுக்குள் காற்றைக் குறைக்க ஒரு வழி கிடைத்ததுதான் இந்த ஆறு வருடத்தில் எனக்குப் பெரிய சந்தோஷம். வியாசர்பாடியில் எங்கள் தெரு முனை சைக்கிள் கடையில் கால் அங்குல பால்ரஸ் குண்டு மட்டும் கேட்டேன். "இன்னாத்துக்குபா, வண்டியே எடுத்தாரலியே?" என்றார் கடைக்காரர். பெயின்ட் டப்பாவுக்குள் போட என்றதும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கிரீஸ் போக டர்பன்டைனில் கழுவிவிட்டுப் போட வேண்டும். ஏழெட்டுக் குண்டு போட்டால் ஒரு மில்லி அளவுக்குப் பெயின்ட் மேலே ஏறும், அந்த அளவுக்குக் காற்று வெளியேறும். கூடவே, குலுக்கும்போது உள்ளே கடகடவென்று உருண்டு அடியில் படிந்ததையும் கிளப்பிவிடும். மேட் பெயின்டில் பளபளப்பைக் குறைக்கும் பொடி அடியில் தங்கிவிடும். சரியாகக் கலக்காவிட்டால் மேட் என்று பூசியது காய்ந்ததும் மின்னும். குண்டு போட்ட பிறகும் குச்சியால் அடியைச் சுரண்டத்தான் வேண்டும், ஆனால் பாதி வேலை மிச்சம்.

கவிழ்த்து வைப்பதையும் செய்து பார்த்தேன். பளபளப்புப் பெயின்டுக்குப் பரவாயில்லை. மேட்டில் அந்தப் பொடியெல்லாம் மூடியில் போய் அப்பிக்கொள்கிறது, மூடியும் ஒட்டிக்கொள்கிறது. வேண்டாம்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்குவது எங்களுக்குப் பழக்கம், ஆனால் கட்டிலுக்கு அடியில் இருந்த பெயின்ட் பெட்டி மூழ்கும் என்று நினைக்கவில்லை. இருபத்துமூன்று டப்பா, இரண்டு நாள் தண்ணீரில். எடுத்துத் துடைத்துக் காயவைத்தேன், வெளியே எல்லாம் துருப்பிடித்துவிட்டது. திறந்து பார்த்தால் இருபத்தொன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. தண்ணீர் இறங்கிய இரண்டும் நான் வாய்க்காலைத் துடைக்காமல் மூடியவை. அந்த இருபத்தொன்றில் பதினெட்டை இன்றும் பயன்படுத்துகிறேன். அவ்வளவு மெல்லிய தகரம் இப்படித் தாங்கியதே என்று அன்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பூச்சும் அப்படித்தான். தூரிகைத் தடம் தானே படிந்து மறையும், பெட்டியின் பக்கவாட்டு முழுக்க ஒரே தகடு மாதிரி வரும். அக்ரிலிக்கில், அதுவும் சென்னை வெயிலில், எனக்கு அது ஒருநாளும் வந்ததில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, தம்பி, நீ டப்பா வாங்காதே. நீ வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம் உட்காருகிறவன். துடைப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். பாட்டில் வாங்கு. நான் டப்பாவைவிட்டு வரப்போவதில்லை, நாளைக்கே கறுப்பு வாங்கப் போகிறேன்.

சிவப்பை மட்டும் டப்பாவில் வைப்பதை நிறுத்திவிட்டேன். சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் கழுத்துவரை நிரப்பித் தகர மூடி போட்டிருக்கிறேன். ரப்பர் மூடி வேண்டாம், டர்பன்டைனில் ஊதிப்போகும். குப்பிமேல் எத்தனை சொட்டு சிவப்பு, எத்தனை பழுப்பு, எத்தனை கறுப்பு என்று அப்பா கைப்பட எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, ஒரு குப்பி தருகிறேன். திறந்தால், மூடுவதற்கு முன் வாயைத் துடை.