‘நாட்டு விதை காம்போ’ வாங்கப் போகிறீர்களா? என் 1,850 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

சற்று முன்தான் எனக்கு விதை விற்ற ஆள் என் எண்ணை பிளாக் செய்தான். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விதை வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் 1,850 ரூபாய் எப்படிப் போனது என்று கொட்டிவிடுகிறேன்.

போட்டோவும் வீடியோவும் போடுகிற செயலி ஒன்றில் மாடித்தோட்டத்துக்கு விதை விற்கும் ஒரு பக்கம். ‘ஆடிப்பட்ட நாட்டு விதை காம்போ’ என்று போட்டிருந்தார்கள். கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், பாகல், புடலை, பூசணி, நாலைந்து கீரை, பூவுக்கு செண்டுமல்லியும் ஜினியாவும். கூடவே இலவசமாக குண்டுமல்லி விதை!

விலையைப் பார்த்து நான் தயங்கத்தான் செய்தேன். அதை எப்படித்தான் மோப்பம் பிடித்தானோ, அந்தப் பக்கத்தை நடத்துகிறவனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. “அக்கா, மொட்டை மாடியா, தரையா? வெயில் எந்தப் பக்கம் அடிக்குது?” சொன்னேன். “அப்போ பூசணி வேண்டாம்க்கா, சின்னப் பைல வேர் ஓடாது. அதை எடுத்துட்டு புடலை ஒரு பாக்கெட் சேர்த்து வெச்சிடுறேன்” என்றான். என் தம்பிகூட என் மாடியைப் பற்றி இவ்வளவு கேட்டதில்லை. விற்க வந்தவன் ஒரு பொருளை வேண்டாம் என்று சொன்னதும் மனசு விழுந்துவிட்டது. “விதைக்கு சிஓடி (பொருள் வந்ததும் பணம்) கிடையாதுக்கா, திரும்பி வந்தா சூட்டுல செத்துடும்” என்றான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. 1,850 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன்.

ஆடிப்பெருக்கன்று போட்டேன். தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு, எல்லாம் வழக்கமாக நான் கலக்கும் கலவைதான். வெண்டை நாலைந்து நாளில் மண்ணை முட்டிக்கொண்டு வரவேண்டும். ஒன்றிரண்டு வந்தது. கத்தரி ஒன்றுகூட இல்லை. மிளகாய்க்கு நாள் பிடிக்கும் என்று காத்திருந்தேன், அதுவும் இல்லை. செண்டுமல்லி பாக்கெட்டைக் கொட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் காய்ந்த இதழும் சண்டும்தான்.

கேட்டேன். “தண்ணி அதிகமாயிருக்கும்க்கா.” இல்லை தம்பி, தெளிப்பானில்தான் விடுகிறேன். “நார்த்தூளைக் கழுவினீங்களா?” கழுவினேன். “நாட்டு விதைன்னா கொஞ்சம் லேட்டாத்தான் வரும்க்கா, பொறுமை வேணும்.” இதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். விதை முளைக்கவில்லை என்றால் தோட்டக்காரர் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவார். அதை நம்பியே செத்த விதையை விற்கிறார்கள்.

எதிர்வீட்டு ஆச்சி போன வருஷம் முற்ற விட்டு எடுத்து வைத்திருந்த வெண்டை விதையை வாங்கி, அதே டிரேயில், அதே மண்ணில், பக்கத்துக் குழிகளில் போட்டேன். ஏறக்குறைய எல்லாமே முளைத்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். நீலக்குறி விழுந்தது, பதில் வரவில்லை.

அப்புறம்தான் பாக்கெட்டைக் கவனித்தேன். தக்காளி விதை ரோஸ் நிறத்தில் இருந்தது. திரம் போன்ற பூஞ்சைக்கொல்லி கலந்த விதைக்குத்தான் இப்படிச் சாயம் ஏற்றுவார்கள். கையால் எழுதி ஒட்டியிருந்த ‘நாட்டுத் தக்காளி’ ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால், அடியில் ஒரு கம்பெனியின் அச்சு. எஃப்1 ஹைபிரிட், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை ஒட்டு விதை. விஷம் கலந்தது, உணவுக்கு ஆகாது. காலாவதித் தேதி முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல்! நாட்டு விதை என்று விதை எடுத்து வைக்க நினைத்தேனே, ஹைபிரிட்டில் எடுத்தால் அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வருமா?

இதைக் காட்டியதும் குரல் மாறிவிட்டது. “விதை உயிருள்ள பொருள் மேடம், யாரும் கேரண்டி தர முடியாது.” அக்கா போய் மேடம் வந்துவிட்டது. அடுத்து, “வேற விதை அனுப்புறேன், கூரியருக்கு 120 மட்டும் போடுங்க.” 1,850 ரூபாயை விழுங்கியவனுக்கு இன்னும் 120 வேண்டுமாம். முடியாது, பணத்தைத் திருப்பு என்றேன். அவனுடைய விற்பனைப் பக்கத்தில் நான் போட்ட கருத்தை அழித்தான், பிறகு பிளாக்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம், பட்டம் (விதைக்கும் பருவம்) தவறிப் போனது. ஆடியில் போட்டால்தான் ஐப்பசி அடைமழைக்குள் கத்தரி வேர் பிடித்துத் திடமாக நிற்கும். இனி புதிதாக நாற்று விட்டு, அது எப்போது தேறி, எப்போது காய்க்க?

சரி, சொல்கிறேன் என்று சொன்னது. ரகம், லாட் எண் (எந்தத் தொகுப்பு விதை என்று காட்டும் எண்), முளைப்புத் திறன், பரிசோதனை நாள், காலாவதி நாள் இல்லாத பாக்கெட்டைத் தொடாதீர்கள். 1966 விதைச் சட்டம் கேட்கும் லேபிள் அது. முதல் முறை தரச் சான்று பெறும் விதைக்குப் பரிசோதனை நாளிலிருந்து 9 மாதம்தான் செல்லுபடி. கத்தரி, தக்காளிக்குக் குறைந்தது 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 முளைக்க வேண்டும் என்பது சான்று விதைக்கான அளவு. பத்து விதையை ஈரத்துணியில் மடித்துப் பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள். குண்டுமல்லி பதியனிலும் தண்டிலும் வருவது, அதற்கு விதை என்று எவன் கொடுத்தாலும் காம்போவையே வாங்காதீர்கள். பாக்கெட் பிரிப்பதை வீடியோ எடுங்கள். விதை விற்க உரிமம் வேண்டும், எண்ணைக் கேளுங்கள்.

இன்னும் எழுத இருந்தது, இப்போது ஓடவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் ஸ்டிக்கர் போட்டோவோடு புகார் கொடுக்கப் போகிறேன். 1,850 ரூபாயை விடுவதாக இல்லை.