டி-பிளேட்டா, லிங்க்கா? பேன் காரின் பின்பக்கம் குறித்து ஓர் அலசல்

பேன் காரில், அதாவது தட்டையான தகடே சேசிஸாக இருக்கும் ரிமோட் கண்ட்ரோல் ரேஸ் காரில், பின் சஸ்பென்ஷன் என்று தனியாக எதுவும் கிடையாது. மோட்டாரையும் ஆக்ஸிலையும் டிஃப்பையும் (டிஃபரன்ஷியல்) தாங்கும் பாட், சேசிஸோடு சேரும் அந்த ஒரு இடம்தான் சஸ்பென்ஷன். பாட் மேலும் கீழும் அசைய வேண்டும், இடமும் வலமும் சாயவும் வேண்டும். இந்த இரண்டு அசைவுகளையும் யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் டி-பிளேட்டும் லிங்க்கும் பிரிகின்றன. 12-இல் 1 அளவு கார்பெட் ரேஸுக்கு நான் லிங்க் பக்கம். வேகம் அதற்குக் காரணம் இல்லை, பராமரிப்புதான் காரணம்.

டி-பிளேட் எளிமையானது. டி வடிவத்தில் வெட்டிய ஃபைபர்கிளாஸ் அல்லது கார்பன் தகடு ஒன்று. அதன் ஒரு முனை சேசிஸில், மறுமுனை பாட்டில். தகடு வளைந்தால் பாட் மேலும் கீழும் போகும், முறுக்கினால் சாயும். டமியாவின் எஃப்103, அசோசியேட்டடின் ஆர்சி12எல் வரிசை எல்லாம் இந்த வழியில் ஓடியவைதான். சாய்வை அடக்க, கெட்டி கிரீஸ் தடவிய ஃப்ரிக்‌ஷன் பிளேட்டுகள் மேலே இருக்கும்.

லிங்க் காரில் வளையும் தகடே இல்லை. நடுவில் ஒரு பிவட் பால், இரு பக்கமும் சேசிஸிலிருந்து பாட்டுக்கு ஓடும் இரண்டு லிங்க்குகள், அதாவது இணைப்புக் கம்பிகள். சாய்வுக்கு இரண்டு சைடு ஸ்பிரிங், அதை அடக்க டேம்பர் டியூபுகள், மேல்-கீழ் அசைவுக்கு சென்டர் ஷாக். அசோசியேட்டட் 12ஆர்5-க்குப் பிறகான கார்கள் இப்படித்தான்.

எடை, விலை, பாகங்களின் எண்ணிக்கை மூன்றிலும் டி-பிளேட்டுக்கே சாதகம். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. செட்டப் சுதந்திரம் லிங்க்குக்கு அதிகம். டி-பிளேட்டின் தடிமனை 1.6 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ.க்கு மாற்றினால் சாய்வும் இறுகும், மேல்-கீழ் அசைவும் கூடவே இறுகும். ஒன்றை மட்டும் மாற்ற வழியில்லை. லிங்க்கில் சைடு ஸ்பிரிங்கைத் தொட்டால் சென்டர் ஷாக் அப்படியே இருக்கும்.

முடிவைத் தீர்மானிப்பது ட்வீக். கார் சமதளத்தில் நிற்கும்போது பாட் ஒரு பக்கமாக முறுக்கப்பட்டிருந்தால், நான்கு டயரிலும் விழும் பாரம் மாறிப்போகும். த்ராட்டில் கொடுத்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். இடது வளைவில் முன்பக்கம் பிடிக்காது, அதே வேகத்தில் வலது வளைவில் பின்பக்கம் வழுக்கும். ஸ்டியரிங் ட்ரிம்மைத் திருப்பி இதைச் சரிக்கட்ட முடியாது. கார்பெட்டில் ஃபோம் டயரின் பிடி அதிகமாக இருக்கும்போது, பார்த்தால் தெரியாத அளவு முறுக்கல்கூட ஓட்டும்போது கைக்குத் தெரியும்.

டி-பிளேட்டில் ட்வீக் வரும் வழிகள் பல. தகட்டை ஏந்தும் ரப்பர் வளையங்களில், அதாவது ஓ-ரிங்குகளில், ஒன்று மற்றதைவிட அதிகமாக நசுங்கியிருக்கலாம். ஒரு ஸ்க்ரூ கால் சுற்று கூடுதலாக இறுகியிருக்கலாம். சுவரில் மோதியதில் தகட்டின் இழைகள் ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போயிருக்கலாம். மூன்றும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். ட்வீக் ஸ்க்ரூவைத் திருப்பினால் அந்த நேரத்துக்குச் சரியாகும். ஆனால் காரணம் விட்டுப்போன இழை என்றால், அடுத்த ரேஸில் தகடு இன்னும் கொஞ்சம் மாறி, மறுபடியும் பழைய கதைதான். ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி ஃபைபர்கிளாஸில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அந்தத் தகட்டின் ஆயுள் முடிந்தது, தூக்கிப் போட்டுவிடலாம். கார்பன் தகடு அந்த எச்சரிக்கையைக்கூடத் தராது. கறுப்பில் கீறல் கண்ணில் படாது; நகத்தால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

டி-பிளேட் காரை வைத்திருப்பவர்கள் புதுத் தகட்டைப் பொருத்துமுன் ஓரங்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தண்ணீர் போல ஓடும் சூப்பர் க்ளூவை ஓரம் முழுக்க ஊறவிட வேண்டும். அடுக்குகள் பிரிவது வெகுவாகக் குறையும். ஓ-ரிங்கை இறுக்கும்போது, தகடு ஓ-ரிங்கைத் தொடும் வரை கையால் திருப்பி, அங்கிருந்து ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரே அளவு சுற்று கொடுங்கள். பெட்டியில் ஒரு உபரித் தகடும் ஒரு செட் ஓ-ரிங்கும் எப்போதும் இருக்கட்டும்.

லிங்க் காரிலும் ட்வீக் வரும், வராமல் போகாது. ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தனித்தனியாகக் கழற்றிப் பார்த்துவிடலாம். நான் லிங்க்கைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதும்.

சோதிக்கும் முறை இது. சென்டர் ஷாக், டேம்பர் டியூபுகள், சைடு ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிவட் பாலும் இரண்டு லிங்க்குகளும் மட்டும் மிச்சம். சேசிஸைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டை உயர்த்தி விட்டால், அது தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். இடம் வலமாகச் சாய்த்தாலும் எங்கும் தயங்கக் கூடாது. பாதியில் நின்றால் ஏதோ ஒரு பால் கப் (லிங்க் முனையில் பாலைக் கவ்வும் கிண்ணம்) இறுக்கம். ஒரு லிங்க்கைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள், குற்றவாளி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பால் மேல் கப் இருக்கும்போதே ப்ளையரால் மெதுவாக ஒரு அழுத்து அழுத்தினால் போதும், இறுக்கம் விட்டுவிடும். பலமாக அழுத்தினால் ஆட்டம் வந்துவிடும், அதற்குப் பிறகு புதுக் கப்தான்.

அடுத்தது லிங்க்குகளின் நீளம். இரண்டும் சமமாக இல்லையென்றால் ஆக்ஸில் கோணலாக நிற்கும், கார் நேரோட்டத்தில் நண்டு போலப் பக்கவாட்டில் நகரும். கேலிப்பரால் அளக்கலாம். அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு: ஒரு லிங்க்கின் கப்பை மட்டும் கழற்றி, பாட் நேராக இருக்கும்போது அது பாலின் நேர் மேலே வந்து நிற்கிறதா என்று பாருங்கள். முன்னே பின்னே இழுத்துப் பொருத்த வேண்டியிருந்தால் நீளம் தவறு. மோதலுக்குப் பிறகு லிங்க்கைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்த லிங்க் குட்டையான லிங்க்.

பிறகு டேம்பர் டியூபுகள். உள்ளே போடும் சிலிகான் ஆயில் 10,000 முதல் 30,000 சென்டிஸ்டோக்ஸ் வரை கெட்டியானது. பிடி அதிகமான கார்பெட்டுக்குக் கெட்டி ஆயில், கார் வெடுக்கென்று திரும்புவது அடங்கும். பிடி குறைந்தால் மெல்லிய ஆயில். பலர் கவனிக்காத ஒன்று: ஒரு பக்கம் மட்டும் ஆயில் மாற்றினால், கார் ஒரு திசையில் சுறுசுறுப்பாகவும் மறு திசையில் மந்தமாகவும் திரும்பும். அது ட்வீக் போலவே தெரியும், ஆனால் ஸ்பிரிங்கைத் திருப்பி அதைத் தீர்க்க முடியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் துடைத்து, ஒரே ஆயிலைப் போடுங்கள். கார்பெட்டின் நூல்தூசி டியூபுக்குள் சேரும், அதனால் ஒவ்வொரு ரேஸ் நாளுக்கு முன்பும் இந்த வேலை உண்டு. டி-பிளேட் காரர்கள் இதைக் குறையாகச் சொன்னால் அது நியாயம்தான்.

சென்டர் ஷாக்கின் நீளத்தால் ட்ரூப், அதாவது பாட் கீழே தொங்கும் அளவு, அமைகிறது. சேசிஸை உயர்த்தும்போது பின் டயர்கள் தரையை விடுமுன் 0.5 முதல் 1 மி.மீ. வரை பாட் தொங்கினால் நல்ல தொடக்கம்.

எல்லாம் பொருத்திய பிறகே ட்வீக் சோதனை. முதலில் பின் டயர்கள் இரண்டின் விட்டத்தையும் அளந்து பாருங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டயர்களைச் சீவிச் சமமாக்கிவிட்டு (ட்ரூ செய்துவிட்டு) வாருங்கள், இல்லாவிட்டால் டயரின் தவறை ஸ்பிரிங்கில் திருத்திக்கொண்டிருப்பீர்கள். பேட்டரியும் எலக்ட்ரானிக்ஸும் இடத்தில் இருக்கட்டும், பாடி வேண்டாம். முன்னும் பின்னும் நடுக்கோட்டில் தாங்கி, இடம் வலம் எடை சமமா என்று பாருங்கள். கிங்பின்கள் (முன் சக்கரங்களைத் தாங்கும் செங்குத்து ஊசிகள்) ஒட்டாமல் நகர வேண்டும், ஒட்டினால் சோதனை பொய் சொல்லும். இனி காரைக் கண்ணாடி மேல் வைத்து, முன்பக்க நடுவில் கத்தி முனையைக் கொடுத்து மெதுவாக உயர்த்துங்கள். முன் டயர்கள் இரண்டும் ஒரே கணத்தில் தரையை விட வேண்டும்.

ஒன்று முந்தினால் சைடு ஸ்பிரிங் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம் திருப்புவது என்பது ஸ்பிரிங் சேசிஸிலிருந்து மேலே தள்ளுகிறதா, பாட்டிலிருந்து கீழே தள்ளுகிறதா என்பதைப் பொறுத்தது. கால் சுற்று திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு ஸ்பிரிங்கும் பிளேட்டை இலேசாகத் தொடும் நிலையே தொடக்கப்புள்ளி. ஒரு பக்கம் கால் சுற்று இறுக்கினால் மறுபக்கம் கால் சுற்று தளர்த்துங்கள், இல்லையேல் மொத்த இறுக்கமும் கூடிப் போகும். இத்தனைக்கும் பிறகு த்ராட்டிலில் மட்டும் இழுத்தால் டிஃப்பைப் பாருங்கள். பால் டிஃப்பின் இறுக்கம் சீராக இல்லாவிட்டாலும் இதே அறிகுறிதான்.

லிங்க்கின் பலவீனம் தேய்மானம். கப்பில் ஆட்டம் வந்துவிட்டால், வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்பக்கம் ஒரு சுற்றில் பிடிக்கும், அடுத்த சுற்றில் வழுக்கும். சேசிஸைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலை முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் விரலுக்குத் தெரியும். கப்புகள் மலிவான பாகம், செட்டாக மாற்றிவிடுங்கள்.

டி-பிளேட் இன்னும் பொருந்தும் இடங்கள் உண்டு. ஃபார்முலா வகை பேன் கார்களில் கடுமையான டியூனிங் தேவைப்படாத கிளப் ரேஸ், முதல் காரை வாங்குபவர், தூசி பறக்கும் தார்த் தளம். தூசியில் டியூபுகளும் பால் கப்புகளும் சீக்கிரம் அடைபடும், ஆயில் தேவையில்லாத தகடு அங்கே நிம்மதி. தார்த் தளத்துக்கு என் தீர்ப்பு கார்பெட்டுக்குச் சொன்ன அளவு உறுதியானதும் அல்ல. தளத்தின் மேடுபள்ளத்தில் சிறு ட்வீக் மறைந்துபோவதால் லிங்க்கின் பெரிய சாதகமே அங்கே சிறுத்துவிடுகிறது.

பழைய கார் வாங்குபவர்களுக்கு: டி-பிளேட் கார் என்றால், கையில் எடுத்ததும் தகட்டைக் கழற்றிக் கண்ணாடி மேல் வையுங்கள். நான்கு மூலையும் படிய வேண்டும். ஒரு மூலை தூக்கி நின்றால் புதுத் தகட்டின் விலையைக் கழித்துப் பேசுங்கள். அதே தகடு இன்னும் கடையில் கிடைக்கிறதா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். உற்பத்தி நின்ற மாடல் என்றால் கார்பன் ஷீட் வாங்கி வெட்டித் துளையிட வேண்டியிருக்கும். லிங்க் கார் என்றால் பிவட் பாலின் ஆட்டத்தையும் டியூபின் உள்சுவரில் கீறல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கப்புகள் தேய்ந்திருந்தால் கவலைப்பட வேண்டாம், அவை எப்படியும் மாற்ற வேண்டியவை.