ஆளுயர ஸ்பீக்கரா, அலமாரி ஸ்பீக்கரா?

இரண்டு லட்சம் ரூபாய்க்கு ஆளுயர ஸ்பீக்கர் ஜோடி ஒன்று; நாற்பதாயிரத்துக்கு அலமாரியில் அடங்கும் சிறிய ஜோடி ஒன்று. பாட்டுக் கேட்கப் பத்துக்குப் பன்னிரண்டடி அறைதான் உண்டு என்றால், நான் தயங்காமல் சிறியதையே சொல்வேன்.

காரணம் அறை. பத்தடி, அதாவது சுமார் 3 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸை (வினாடிக்கு 57 அதிர்வு) ஒட்டிய ஆழ்ந்த, தாழ்ந்த ஒலி தேங்கி வீங்குகிறது. பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். பெரிய ஸ்பீக்கர் அந்த ஆழத்தைத் தாராளமாகக் கொட்டும். அறையோ அதை ஏந்த முடியாமல் முழங்கும்; அந்த முழக்கத்தில் பாடகரின் சொற்கள் மங்கும். இரண்டு லட்சம் கொடுத்து இதையா கேட்பது?

சிறிய பெட்டி அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. ஆனால் குரலும் வயலினும் வீணையும் பெரும்பாலும் வாழ்வது அதற்கு மேலே. உறுதியான தாங்கியில், காதின் உயரத்தில், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். இரண்டு பெட்டிகளும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணம். கமகம் ஒவ்வொன்றும் வளைந்து வருவது தெரியும். மிஞ்சிய பணத்தில் தடித்த திரைச்சீலையும் கம்பளமும் வாங்கலாம். விலையுயர்ந்த கேபிளுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

பெரிய கூடம் உள்ளவர்களின் கதை வேறு. நாகசுரமும் தவிலும் நேரில் கேட்கும் வலிமையோடு அங்கே ஒலிக்கப் பெரிய பெட்டிதான் வேண்டும். சிறிய பெட்டிக்கு ஆம்ப்ளிஃபயரின் வாட்டைக் கூட்டி ஈடுகட்ட முடியாது: அதை இருமடங்காக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல்தான், காதுக்குச் சற்றே கூடிய ஒலி.