பினாங்கு அவசரப் பிரிவில் அத்தையின் நிமோனியா

ஊருக்குப் போய் வந்தால் நாசி கண்டார் (சோறும் கறிகளும்) கடைகளைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை பர்மிங்காமிலிருந்து போன எனக்கு மலேசியாவின் பினாங்கில் பாதி விடுமுறை, தீவுக்கு எதிரே பெருநிலப் பக்கத்து அரசாங்க மருத்துவமனையிலேயே கழிந்தது. அத்தைக்கு 78 வயது. இருமல் அதிகமில்லை, காய்ச்சலும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, எழுந்து நடக்கச் சோர்வு, அவ்வளவுதான். வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்காமலேயே இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வயதானவர்களுக்கு நிமோனியா காய்ச்சலே இல்லாமலும் வரும் என்பது தெரியாத விஷயமா என்ன!

அவசரப் பிரிவில் மஞ்சள் மண்டலத்தில், அதாவது நடுத்தர அவசர நோயாளிகளுக்கான பகுதியில், படுக்க வைத்தார்கள். பதிவுக்கு 1 ரிங்கிட். இளம் டாக்டர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அத்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணினார். 26. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் ஆட்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அவர் போட்டது கர்ப்-65 மதிப்பெண்; நிமோனியா எவ்வளவு கடுமை என்று கணக்கிடுவது. பிரிட்டன், நியூசிலாந்து, நெதர்லாந்து நோயாளிகளை ஆராய்ந்து 2003-இல் வெளிவந்த முறை. மனக் குழப்பம், ரத்த யூரியா லிட்டருக்கு 7 மில்லிமோலுக்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல், ரத்த அழுத்தம் மேலே 90-க்குக் குறைவு அல்லது கீழே 60 அல்லது அதற்குக் குறைவு, வயது 65 அல்லது அதற்கு மேல்; ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 0, 1 என்றால் பெரும்பாலும் வீட்டிலேயே மருந்து சாப்பிடலாம். 2 என்றால் மருத்துவமனை. 3-ம் அதற்கு மேலும் கடுமை.

வயதுக்கு ஒன்று, யூரியா 8.6, அதற்கு ஒன்று. குழப்பத்தில்தான் சிக்கல். இன்று என்ன நாள், இது என்ன இடம் என்று டாக்டர் மலாயில் கேட்டார். அத்தை பேசாமல் கூரையைப் பார்த்தார். டாக்டர் மூன்றாவது மதிப்பெண்ணைப் போடப் போனார். பக்கத்துப் படுக்கைக்கு வந்த தமிழ்த் தாதி, "பாட்டி, இன்னிக்கு என்ன கிழமை?" என்றார். "வெள்ளிக்கிழமை. விளக்கேத்தக்கூட வுடாம இங்க படுக்க வச்சிட்டீங்க" என்று பதில் வந்தது. மதிப்பெண் 2-இலேயே நின்றது. காது மந்தமான கிழவியிடம் அவசரமாகக் கேட்டால் யார்தான் தேறுவார்கள்?

ஆனால் இந்தக் கணக்கில் ஆக்சிஜன் அளவு வராது. அத்தைக்கு 90 சதவீதம்தான் இருந்தது. அதைப் பார்த்தே மூக்கில் குழாய் வைத்துவிட்டார்கள். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் வெள்ளையாக மங்கியிருந்தது. ஆண்டிபயாட்டிக் ஏற்றுவதற்கு முன்பே கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுத்தார்கள், சளியைக் காசநோய்க்கும் அனுப்பினார்கள். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உண்டா, தோட்டத்தில் மண் கிளறுவீர்களா என்றும் கேட்டார்கள். இரண்டுக்கும் ஆமாம். நம் நாட்டு மண்ணிலும் நீரிலும் இருக்கும் மெலியோய்டோசிஸ் கிருமி இனிப்புநீர்க்காரர்களை எளிதில் பிடிக்கும் என்பதால் அந்தக் கேள்வி. பர்மிங்காமில் இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நல்ல வேளை, கல்ச்சரில் அது இல்லை.

வார்டில் கட்டில் கிடைக்க நள்ளிரவு தாண்டியது, உறவினர் உட்கார ஒரு நாற்காலி இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அத்தை இப்போது வீட்டில் இருக்கிறார். ஆறு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி அழைத்துப் போவான்.