பழைய காரில் புது எஞ்சின்: ஓடுகிற வீடியோவைப் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

பழைய காரில் புது எஞ்சின் வைக்கும் ஆசையில் இருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைச் சொல்லிச் சண்டை இழுக்க எனக்குத் தெம்பில்லை, ஆனால் நடந்ததைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

என்னுடையது 1964 மோரிஸ் மைனர் 1000. 1098 சிசி, 48 குதிரைத்திறன், நான்கு கியர். எஞ்சினில் பெரிய கோளாறு ஒன்றுமில்லை, கொஞ்சம் ஆயில் குடித்தது, மேடு ஏறும்போது மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். அப்படியே விட்டிருக்கலாம். கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் 1.6 லிட்டர் இன்ஜெக்‌ஷன் எஞ்சினை ஐந்து கியர் பெட்டியோடு உள்ளே இறக்கிவிட்டால் தினமும் ஓட்டலாமே என்ற ஆசை என்னுடையதுதான், அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை.

பட்டறைக்காரர் நன்றாகப் பேசினார். "இதெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு சார். ஆறு வாரம். சாவியைத் திருகினா ஓடும்." ஆறு வாரம் பதினோரு மாதம் ஆனது. நான் கத்த ஆரம்பித்த நேரத்தில் ஒரு வீடியோ அனுப்பினார், நாற்பது வினாடி. பானெட் திறந்திருக்கிறது, எஞ்சின் சீராக ஓடுகிறது, சத்தம் அவ்வளவு அழகு. மீதிப் பணம் முழுவதையும் அன்றைக்கே கொடுத்துவிட்டேன். பிறகு அந்த வீடியோவை நிதானமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதில் ரேடியேட்டரே இல்லை. தண்ணீர் இல்லாமல் அதற்கு மேல் ஓடவிட்டால் எஞ்சின் போய்விடும் என்பதால்தான் நாற்பது வினாடியோடு நிறுத்தியிருக்கிறார்!

காரை எடுத்து வந்த மூன்றாம் நாள், ஸ்டார்ட் ஆகி இரண்டு வினாடியில் நின்றது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி நின்றது. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினால் ஒரு சாவி தொங்குகிறது. விஷயம் இதுதான்: இந்தக் காலத்து எஞ்சினை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டரான ஈசியூ, தன் சொந்தச் சாவியில் உள்ள சிப்பைப் படித்தால்தான் எஞ்சினை ஓடவிடும். இம்மொபிலைசர் என்கிற அந்தத் திருட்டுத் தடுப்பை முறையாக நீக்காமல், எஞ்சின் கழற்றிய காரின் சாவியை சிப்பைப் படிக்கும் ரிசீவர் வளையத்தின் மேல் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார். வெயிலில் டேப் இளகிவிட்டது.

இதையாவது சிரித்துக் கடந்துவிடலாம். அடுத்தது அப்படி இல்லை. காருக்குள் பெட்ரோல் வாடை. பழைய கார் அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன், மூன்றாம் நாள் பானெட்டைத் திறந்து ஹோஸைத் தடவினால் விரல் ஈரமானது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் சும்மா வந்து சேர்ந்தால் போதும், அதற்கான பம்பில் அழுத்தம் மிகக் குறைவு. இன்ஜெக்‌ஷனுக்கு ஏறக்குறைய 3 பார் அழுத்தம் வேண்டும், அதைத் தாங்குகிற ஹோஸும் கிளாம்பும் தனி. இவர் கார்புரேட்டர் ஹோஸையே போட்டிருந்தார். அது வியர்த்துக்கொண்டிருந்த இடம், எஞ்சின் புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு ஒரு சாண் மேலே. அன்றைக்குப் பின் சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையைக் காரின் உடலோடு இணைக்கும் பழைய பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவ் எர்த்தாக மாற்றி, டயனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைத்த வேலை சுத்தமாக இருந்தது. வேலை தெரியாத ஆள் இல்லை, தெரிந்தே ஏமாற்றிய ஆள் என்பதுதான் எரிச்சல். பிரேக்கைத் தொடவே இல்லை. 48 குதிரைக்குப் போட்ட 8 அங்குல டிரம்தான் முன்னால் இன்னமும், எஞ்சினோ அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கேட்டால், "பிரேக் நம்ம பேச்சுல இல்லையே சார்." டெம்பரேச்சர் மீட்டரும் சென்ஸாரும் வேறு வேறு ஜாதி, ரேடியேட்டர் கொதித்து ஆவி வந்தபோதும் முள் நடுவில் சாவகாசமாக நின்றது.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காரைத் தூக்கினோம். அவர் டார்ச்சை அடித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். புது கியர் பெட்டிக்கு இடம் வேண்டும் என்று காரின் அடியில் குறுக்கே போகும் இரும்புச் சட்டமான நடு கிராஸ் மெம்பரில் ஒரு துண்டைக் கேஸ் கட்டரால் வெட்டி எடுத்து, வெட்டிய விளிம்பில் கறுப்பு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இந்தக் காரில் முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பிகளான டார்ஷன் பார்கள் பின்பக்கம் மாட்டியிருப்பது அந்த மெம்பரில்தான். "இதை ஓட்டிக்கிட்டா வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

சரி, பழையபடியே மாற்றிவிடலாம் என்று பட்டறைக்கு போன் போட்டு என் பழைய எஞ்சினைக் கேட்டேன். "அதை அப்பவே இரும்புக் கடைக்குப் போட்டாச்சு சார், நீங்க கேக்கலையே." ஆவணத்தில் இருக்கிற எண்ணோடு ஒத்துப்போன எஞ்சின் அது. இனி எத்தனை செலவு செய்தாலும் அந்த எண் இந்தக் காருக்குத் திரும்பாது.

அதனால், செய்தே தீருவேன் என்பவர்கள், கழற்றுகிற எஞ்சின், கியர் பெட்டி, கார்புரேட்டர் எல்லாம் உங்களுக்கே திரும்ப வர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். பிரேக், கூலிங், பெட்ரோல் லைன், ஈசியூ இவையெல்லாம் பேசிய தொகைக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள், "எல்லாம் சேர்த்துதான்" என்ற பதிலை ஏற்காதீர்கள். வெட்டுவதற்கு முன் உங்களைக் கேட்க வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கடைசித் தவணையை, நீங்களே ஒரு மணி நேரம் நெரிசலில் ஓட்டிப் பார்த்து, அப்புறம் காரைத் தூக்கி அடியில் பார்த்த பிறகு கொடுங்கள்.

இப்போது கிராஸ் மெம்பருக்கு வெல்டிங் நடக்கிறது, 1.6 எஞ்சின் ஒரு மூலையில் பலகை மேல் கிடக்கிறது. போன வாரம் பழைய 1098 சிசி எஞ்சின் ஒன்று விற்பனைக்கு வந்தது. போனதும் முதலில் துணியால் அழுக்கைத் துடைத்து எண்ணைத்தான் பார்த்தேன். என்னுடையது இல்லை. வாங்கி வந்துவிட்டேன்.