பழைய கியூஜிஐஎஸ் வைத்திருப்பவருக்கு எதை அனுப்புவது: புராஜெக்டா, ஜியோபேக்கேஜா?

கண்மாய்களையும் அவற்றின் வரத்துக்கால்வாய்களையும் வரைபடத்தில் ஏற்றும் வேலையில் நாங்கள் இரண்டு பேர். என்னிடம் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் 3.34 பதிப்பு. சிவகங்கையில் இருந்து வேலை செய்யும் அக்காவிடம் 3.16. அவருடைய கணினி விண்டோஸ் 7. புதிய பதிப்புகளுக்குத் தேவையான பைத்தான் 3.9 அதில் ஓடாது. அதனால் "அப்டேட் பண்ணுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு நகர முடியவில்லை. எல்லாரும் ஒரே எல்டிஆர் (நீண்ட காலம் ஆதரவு கிடைக்கும்) பதிப்பில் இருக்க முடிகிறதா? அப்படியே இருந்துவிடுங்கள், அதற்கு மேல் நல்ல வழி கிடையாது.

முடியாதவர்களுக்குத்தான் இந்த இரண்டு வழிகள்: புராஜெக்டையே அனுப்புவது, அல்லது தரவை மட்டும் ஜியோபேக்கேஜ் கோப்பாக அனுப்புவது. ஆர்க்மேப் என்ற இன்னொரு வரைபட மென்பொருளில் பழைய பதிப்புக்கென்று ஒரு நகல் சேமிக்கும் வசதி இருந்தது. கியூஜிஐஎஸ்ஸில் அது இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் புராஜெக்டையே அனுப்பினேன், கியூஜிஇசட் கோப்பும் (புராஜெக்டைச் சேமிக்கும் கோப்பு) டேட்டா ஃபோல்டரும் சேர்த்து. நிறம், லேபிள், பிரிண்ட் லேஅவுட் எல்லாம் ஒரே பொட்டலத்தில் போகிறது, வசதிதான். பழைய பதிப்பிலும் திறக்கும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பு என்று மேலே ஒரு எச்சரிக்கை மட்டும் வரும்.

கால்வாயை நான் தலைப்பில் அகலமாகவும் கடைசியில் ஒடுக்கமாகவும் வரைந்திருந்தேன். கோட்டின் அகலம் போகப்போக மாறும் அந்த வசதி 3.20இல்தான் வந்தது. அக்கா திறந்ததும் போன் வந்தது: "தம்பி, கால்வாய் ஒன்றுமே தெரியலையே." சரி, பார்வைக்குத்தானே, பரவாயில்லை என்று விட்டேன். அவர் மடைகளையும் கலுங்குகளையும் குறித்து, சேவ் பண்ணி, திருப்பி அனுப்பினார். மடைகள் எல்லாம் சரியாக வந்திருந்தன. ஆனால் இப்போது என் திரையிலும் கால்வாய் இல்லை.

பழைய பதிப்பு தனக்குப் புரிந்ததை மட்டும் படிக்கிறது. சேமிக்கும்போது புராஜெக்ட் கோப்பைப் புதிதாக எழுதுகிறது. புரியாததை எடுத்து வைத்திருந்து திருப்பி எழுதுவதில்லை. அந்த நேரத்தில் எந்த எச்சரிக்கையும் வராது. ஒரு தடவை அனுப்பினால் சமாளிக்கலாம். எங்களைப் போல வாரத்துக்கு இரண்டு தடவை கைமாறினால் ஒவ்வொரு தடவையும் எது போனது என்று தேட வேண்டும். நான் முடிவெடுத்தது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்: கோப்பு அங்கே எப்படித் திறக்கிறது என்பதைவிட, திரும்பி வரும்போது என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம்.

இப்போது ஜியோபேக்கேஜ் மட்டும் அனுப்புகிறேன். எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தின் அடிப்படையிலான ஒரே கோப்பு. 2014 முதல் ஓஜிசி (புவியியல் தரவுக்கான சர்வதேசத் தர அமைப்பு) தரநிலையாக இருப்பதால் 3.16க்கு இதைப் படிப்பதில் சிக்கல் இல்லை. பிராசஸிங் டூல்பாக்ஸில் 'பேக்கேஜ் லேயர்ஸ்' என்று ஒரு கருவி உண்டு. எல்லா லேயர்களையும் ஸ்டைலோடு சேர்த்து ஒரே கோப்பில் கட்டிவிடும். கட்டும் முன் கால்வாய்க்குச் சாதாரண நீலக் கோடு ஒன்றைப் போட்டுவிடுகிறேன், அக்காவுக்கும் தெரிய வேண்டுமே. அவர் தன் புராஜெக்டில் வேலையை முடித்து ஜியோபேக்கேஜை மட்டும் அனுப்புகிறார். அதே பெயரில் பழையதன் மேல் வைக்கிறேன். என் புராஜெக்ட் ரிலேட்டிவ் பாத்தில் (தன் இடத்தை வைத்தே தரவுக் கோப்பைத் தேடும் முறையில்) இருப்பதால் புதிய மடைகள் தானாக ஏறிவிடும். என் ஸ்டைல் என் கியூஜிஇசட்டிலேயே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

இதற்கு ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவமே போதாதா என்று கேட்பார்கள். தமிழில் வேலை செய்தால் போதாது. அதில் புலத்தின் பெயருக்கு இடம் 10 பைட். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'கிராமம்' என்ற பெயருக்கே 21 பைட் வேண்டும்.

குறையும் உண்டு. பிரிண்ட் லேஅவுட் இதில் போகாது. நாங்கள் அச்சுக்கான பிடிஎஃப்பை என் பக்கமே எடுத்துவிடுகிறோம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் ஒன்றுசேர்ப்பது பெரும்பாடு. அதனால் கோப்பு அக்காவிடம் இருக்கும் நாளில் நான் தொடமாட்டேன். என் வேலை பெரும்பாலும் வெக்டர்தான், அதாவது புள்ளி, கோடு, பரப்பு. கனமான ட்ரோன் படங்களோடு வேலை செய்பவர்கள் ஒரு சின்னப் பகுதியில் முயன்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் ஒன்று. கியூஜிஐஎஸ் திறந்திருக்கும்போது ஜியோபேக்கேஜுக்குப் பக்கத்திலேயே பெயரின் கடைசியில் 'வால்' (ஆங்கிலத்தில் -wal) என்று முடியும் ஒரு கோப்பு முளைக்கும். கடைசியாகச் செய்த திருத்தங்கள் அதில்தான் நிற்கும். அந்த நிலையில் ஜியோபேக்கேஜை மட்டும் நகலெடுத்து அனுப்பினால் அன்றைய வேலை போய்ச் சேராது. கியூஜிஐஎஸ்ஸை மூடி, அந்தக் கோப்பு மறைந்துவிட்டதா என்று ஃபோல்டரில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.